வேலித்தூண் ஏன் சாய்கிறது?

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து வேலி நான்கு வருடம் அசையாமல் நின்றது. 8 அடிக் கல்தூண்கள், நடுவே கம்பிவலை. ஐந்தாவது வருடம், தெருவில் போகிறவர்கள் பார்வை படாமல் இருக்கட்டும் என்று கம்பிவலைமேல் பச்சை நிழல்வலையை முழு உயரத்துக்கும் இழுத்துக் கட்டினோம். அந்த ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசிய காற்றில் ஒரு வரிசை முழுதும் கிழக்கே சாய்ந்துவிட்டது. ஒரு தூண்கூட உடையவில்லை.

வேலியின் எடையைத் தாங்குவது தூணுக்குப் பெரிய வேலையே இல்லை. அதன் உண்மையான வேலை, பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கு ஈடுகொடுப்பது. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று தெரிந்துவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். அழுத்தம் 240 நியூட்டன், ஏறக்குறைய 24 கிலோ எடை. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

இரண்டு தூண்களுக்கு நடுவே 6 அடி உயரம், 8 அடி நீளத்தில் அடைத்த பேனல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தகரமோ சிமெண்ட் சிலாப்போ, எதுவானாலும் சரி. பரப்பு ஏறக்குறைய 4.5 சதுர மீட்டர். அந்த 72 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழும் தள்ளுவிசை குறைந்தது 110 கிலோ. நடுத்தூண் ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துப் பேனல்களிலும் பாதிப் பாதியைச் சுமப்பதால், ஒரு முழுப் பேனலின் விசை அதன் தலையில்தான். வெறும் கம்பிவலையில் காற்று பெரும்பாலும் புகுந்து போய்விடும். நிழல்வலையின் சின்னத் துளைகள் அப்படி விடுவதில்லை.

ஆகவே தூணைத் தேர்ந்தெடுக்கும் முன், பேனலை முடிவு செய்ய வேண்டும். உயரத்தில் ஆசைப்படுவதுதான் அதிகம் செலவு வைக்கும். 4 அடி வேலியை 6 அடியாக்கினால் பரப்பு ஒன்றரை மடங்கு. காற்று தள்ளும் மையமும் ஒன்றரை மடங்கு மேலே போகிறது. இரண்டும் சேர்ந்து தூணின் அடியில் வளைக்கும் விசை 2.25 மடங்கு ஆகிவிடும். நீளத்துக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு: 6 அடி சிலாப்புக்குப் பதில் அதே கனத்தில் 8 அடி போட்டால், சிலாப்பின் நடுவில் வளைவிசை ஏறக்குறைய 1.8 மடங்கு. வார்த்த தூண்களையும் சிலாப்புகளையும் கோத்துக் கட்டும் ரெடிமேட் காம்பவுண்டில், தூணின் பக்கத்திலுள்ள காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) சிலாப் எளிதாக இறங்கிவிடுகிறது என்பதற்காக இடைவெளியை அகட்டக் கூடாது.

தூணை எந்தப் பக்கம் திருப்பி நடுகிறோம் என்பதும் முக்கியம். 6 அங்குலத்துக்கு 4 அங்குலக் கல் என்றால், 6 அங்குலப் பக்கம் காற்று வீசும் திசையிலேயே, அதாவது வேலிக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அதே கல், அதே விலை. தாங்கும் வலு மட்டும் ஒன்றரை மடங்கு. கல் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். வளையும்போது காற்று வரும் பக்கம் இழுபடுவதால், முதல் விரிசல் அங்கேதான் விழும். சிமெண்ட் தூணுக்குள் கம்பிகளை நடுவில் வைக்காமல் ஓரங்களை ஒட்டி வைப்பது இதனால்தான்.

அப்புறம், குழி. எங்கள் குழி ஒன்றரை அடிதான். தூண் சாயப் பார்க்கும்போது மண் அதை மேலே ஒரு பக்கமும் அடியில் எதிர்ப்பக்கமும் அழுத்திப் பிடிக்கிறது. மணல் கலந்த மண்ணில் ஆழம் கூடினால், தூணைத் தொடும் பரப்பு கூடுகிறது, மண்ணின் இறுக்கம் கூடுகிறது, பிடியின் நெம்புதூரமும் கூடுகிறது. மூன்றும் பெருகுவதால், ஒன்றரை அடி இரண்டரை அடியானால் பிடிமானம் நான்கு மடங்குக்கு மேல் போகும். கரிசல் மண் வேறு மாதிரி: மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், தூண் ஆட்டம் காணும். அங்கே இன்னும் ஆழமாகப் போய், குழியைக் கான்கிரீட்டால் நிரப்புவது நல்லது.

மூலைத்தூண்களுக்குக் காற்றோடு கம்பியின் இழுப்பும் சேரும். நடுத்தூணில் இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். மூலையில் சமப்படுத்த ஆளில்லை. கம்பி இழுக்கும் பக்கத்தில் சாய்வாக முட்டுக்கல் கொடுப்பது அதற்காக.

சாய்ந்த வரிசையைப் பிடுங்கி இரண்டரை அடி ஆழத்தில் மறுபடி நட்டோம். குழிக்குள் சரளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடப்பாரையால் குத்திக் கெட்டியாக்கினோம். வேலி ஒரு அடி குட்டையாயிற்று. நிழல்வலையை இப்போது தரையிலிருந்து 3 அடிக்கு மட்டும் கட்டியிருக்கிறோம். செடிகளைத் தெருப் பார்வையிலிருந்து மறைக்க அது போதும். அதற்கு மேல் காற்று தாராளமாகப் போய்வருகிறது.