பழைய லாரியில் ராணுவ ஜீப் ஏற்றப் போகிறீர்களா? வெல்டிங்குக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அனுமதி

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா, ஒன் டன் (இரண்டும் ராணுவ வண்டிகளின் பெயர்கள்), பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கண்காட்சிக்கோ மெக்கானிக்கிடமோ கொண்டுபோக ஒரு பழைய லாரியை வாங்கி, பலகைகளைக் கழற்றி, இரும்புத் தளமும் ராம்ப்பும் (ஏற்றும் சாய்தளம்) வின்ச்சும் (கம்பியால் இழுக்கும் கருவி) போட்டுக்கொள்கிறார்கள். நாமக்கல், கரூர், சங்ககிரி பட்டறைகளுக்கு இது பழகிய வேலைதான். சிக்கல் பட்டறையில் இல்லை. வேலை முடிந்து, பணத்தையும் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மாற்றத்தை ஏற்றப் போகும்போதுதான் "இதற்கு அனுமதி கிடையாது" என்ற பதில் வருகிறது. போட்ட காசு அங்கேயே முடங்கிவிடுகிறது.

சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. மீறினால் பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லா விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால் லாரி பெரும்பாலும் வெறும் சேசிஸாக, அதாவது பாடி இல்லாத அடிச்சட்டமாகத்தான் விற்கப்படுகிறது, பாடி வெளியில் கட்டப்படுகிறது. சேசிஸ் நீளம், வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்), ஆக்சில், மொத்த எடை (பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை) எதையும் தொடாமல் பாடியை மட்டும் மாற்றுவதாக விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். வரைபடத்தில் பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வெறும் "பாடி மாற்றம்" என்று ஒரு வரி எழுதினால், மறுப்பதற்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 52-இலேயே ஒரு வரி உண்டு. "முதலில் செய்துவிடுங்கள், 14 நாளில் சொல்லிக்கொள்ளலாம்" என்று புரோக்கர்கள் சொல்வது இதை வைத்துத்தான். நம்பாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் பட்டறைக்குப் போக வேண்டும். 14 நாள் என்பது அதற்குப் பிறகு வரும் கெடு. லாரி மேல் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீக்கப்படாத பழைய லாரிகள் ஏராளம். படிவம் 35 கொடுத்து அதை முதலில் நீக்குங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

அதிகம் பேர் மாட்டுவது "ரெக்கவரி வண்டி" என்ற வலையில். ரெக்கவரி என்று பதிந்துவிட்டால் பெர்மிட் வேண்டாம் என்று ஆசை காட்டுவார்கள். பிரிவு 66(3) தரும் விலக்கு, பழுதாகி நின்ற வண்டியை இழுத்துச் செல்வதற்கும், அதிலிருக்கும் சரக்கைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதற்கும்தான். நன்றாக ஓடும் ஜோங்காவைக் கண்காட்சிக்கு ஏற்றிச் செல்வது அதில் வராது. சோதனையில் நிறுத்தினால் பெர்மிட் இல்லாமல் சரக்கு ஏற்றியதாகத்தான் வழக்கு விழும்.

"வாடகைக்கு ஓட்டவில்லை, என் வண்டியைத்தானே ஏற்றுகிறேன்" என்ற வாதமும் எடுபடாது. சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய வண்டி, வாடகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போக்குவரத்து வாகனம்தான். எஃப்.சி. (தகுதிச் சான்று), மஞ்சள் நம்பர் பலகை எப்படியும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் வேண்டும். வெளிமாநிலக் கண்காட்சிகளுக்குப் போக நேஷனல் பெர்மிட் எடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் லாரியின் வயதைப் பாருங்கள். இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயது தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் லாரி மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டுநர் உரிமத்தில், மொத்த எடை 7,500 கிலோ வரை சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமம் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அதற்கு மேல் போக்குவரத்து வாகன உரிமம் கட்டாயம்.

இனி பட்டறையில் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். எஃப்.சி.யில் நிற்பது இங்கே செய்யும் தவறுகளால்தான்.

பின்பக்க நீட்டம், அதாவது பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பகுதி, வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 4,200 மி.மீ. என்றால் 2,520 மி.மீ. வரைதான். சரிந்து இறங்கும் வால் பகுதியும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பட்டறைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மடித்து நிமிர்த்திய ராம்ப்பின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ராம்ப் குட்டையாக இருந்தால் ஏற்றவே முடியாது. தளம் 1.1 மீட்டர் உயரத்தில் இருந்து ராம்ப் 2 மீட்டர் என்றால் சாய்வு 33 டிகிரி, வண்டியின் அடிவயிறு தளத்தின் விளிம்பில் தட்டும். 4 மீட்டர் ராம்ப்பில் அது 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரே துண்டாக 4 மீட்டர் தூக்க முடியாது என்பதால் இரண்டாக மடியும்படி செய்யுங்கள். வின்ச்சின் திறன் ஏற்றப்போகும் வண்டியின் எடைக்குக் குறையக் கூடாது. ஓடும் வண்டிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. பிரேக் பிடித்து இறுகிய வண்டியை இழுக்கும்போதுதான் கம்பி அறுகிறது.

தளத்தை சேசிஸில் வெல்டு வைக்காதீர்கள். சேசிஸின் மேல் கீழ் ஃப்ளேஞ்சில் (மடிப்பு விளிம்பில்) துளையும் போடாதீர்கள், அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். சப்-ஃபிரேம் (சேசிஸுக்கும் தளத்துக்கும் நடுவே வைக்கும் சட்டம்) வைத்து யு-போல்ட்டும் பக்கத் தகடும் கொண்டு பிடிப்பதே முறை. ராம்ப் வைக்க இடைஞ்சல் என்று பின்பக்க முட்டுத் தடுப்பையும் பக்கவாட்டுத் தடுப்பையும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் பார்ப்பது அதைத்தான். முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இவையும் சரியாக இருக்க வேண்டும்.

லாரிக்கும் ராணுவப் பச்சை அடித்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு. அடிக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். ஏலத்தில் எடுத்த ஜீப்புக்கும் இதே விதிதான்.

வேலை முடிந்ததும் வெறும் லாரியை எடை மேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள். உதாரணத்துக்கு, மொத்த எடை 16,200 கிலோ, வெறும் எடை 6,200 கிலோ என்று இருந்த லாரியில் தளமும் ராம்ப்பும் சேர்ந்து 1,200 கிலோ கூடினால், ஏற்றும் திறன் 10,000-லிருந்து 8,800 கிலோவாக இறங்கும். ஆர்.சி.யில் பழைய வெறும் எடையே கிடந்தால் பாரத்தோடு சோதனையில் நிற்கும்போது கணக்கு உதைக்கும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்குத் தனியாக 20,000 ரூபாய்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். லாரி பாலிசி மேலே ஏற்றிய வண்டிக்குப் பொருந்தாது, அதற்குத் தனியாக டிரான்ஸிட் (வழிப்பயண) பாலிசி எடுக்க வேண்டும். ஏலத்தில் எடுத்து இன்னும் பதிவாகாத வண்டி என்றால் இன்வாய்ஸ், டெலிவரி ஆர்டர், மதிப்புக்கு ஏற்ப இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணம்) மூன்றும் கையில் இருக்கட்டும். படிவம் 21-இல் அசல் விற்பனைச் சான்று இல்லாமல் பழைய ராணுவ வண்டியைப் பதிய முடியாது. பணம் கட்டும் முன்பே அதைக் கேளுங்கள்.

அலுவலகத்தில் உங்களை அலைக்கழிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: வாயால் மறுப்பது. "இன்ஸ்பெக்டர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார்", "சர்க்குலர் வரவில்லை", "அடுத்த வாரம் பார்க்கலாம்". எழுத்தில் உத்தரவு இல்லாவிட்டால் பிரிவு 57-இன் கீழ் மேல்முறையீடு செய்ய உங்களிடம் எதுவும் இருக்காது, அந்த 30 நாள் கணக்கும் தொடங்காது. ஆன்லைனில் விண்ணப்பித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுதித் தரும்படி மனு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் விண்ணப்பம் இன்று எந்த மேசையில், யாரிடம், எந்தக் காரணத்துக்காக நிற்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.