இருமுனைப் பிகோனியா

பாம்பனில் அக்கா மகள் தாவரவியல் படிக்கிறாள். ‘பிகோனியா ஆம்பியாக்சஸ்’ என்ற செடிக்குத் தமிழ்ப்பெயர் என்ன மாமா என்று கேட்டாள். பதில் தேட இரண்டு நாளாயிற்று.

பிகோனியா ஓர் ஆள் பெயரிலிருந்து வந்தது. மிசேல் பெகோன் (1638–1710) செடிகொடிகளில் ஆர்வம் கொண்ட பிரெஞ்சு அதிகாரி. அவர் நினைவாகச் சார்ல்ஸ் ப்ளூமியே என்ற துறவி வைத்த பெயரை 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஏற்றுக்கொண்டார். இலையின் இரு பாதியும் ஒத்திருக்காததால் ‘கோணிலை’ எனலாமா என்று யோசித்தேன். 2,000க்கும் மேற்பட்ட இனங்களில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. மேலும், ஒருவரை நினைத்து வைத்த பெயரை மாற்றுவது சரியில்லை. பிகோனியா அப்படியே இருக்கட்டும்.

ஆம்பியாக்சஸ் வேறு கதை. விலங்கியல் படித்தவர்களுக்கு இது கடல்மணலில் புதைந்து வாழும் சிற்றுயிரின் பெயர்; 1836இல் யாரல் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்தது. கிரேக்கத்தில் ‘ஆம்பி’ என்றால் இருபுறமும், ‘ஆக்சிஸ்’ என்றால் கூர்மை. அந்த உயிருக்கு இரு நுனியும் கூர். இந்தச் செடியின் இலையும் அப்படித்தான்: ஒடுங்கி நீண்டு, இரு பக்கமும் கூராக முடியும். வெளிர்பச்சையில் சிவப்புப் புள்ளிகள். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும். 1990இல் தாவரவியலாளர் மார்ட்டின் சாண்ட்ஸ் இதை விவரித்துப் பெயரிட்டார்.

முதலில் ‘இருகூர்’ என்றுதான் நினைத்தேன். அது கோவைப் பக்கத்து ஊர்ப்பெயர். அப்புறம் அரிச்சல்முனை நினைவுக்கு வந்தது. நிலம் ஒடுங்கி ஒடுங்கிக் கடலில் முடியும் இடத்தை முனை என்கிறோமே, இந்த இலை இரு பக்கமும் அப்படி முடிகிறது. எனவே இருமுனைப் பிகோனியா.

இன்னொன்றையும் திருத்தினேன். செடி ‘சுண்ணாம்புக் காட்டில்’ வளர்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். நம் கரையில் சுண்ணாம்பு என்றால் காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றியது. நீற்றும்போது தொட்டால் கை வெந்துவிடும். சுடாத பாறை சுண்ணாம்புக்கல். மலேசியாவின் சபா மாநிலத்தில், சுண்ணாம்புக்கல் குன்றுகளில் மட்டுமே இந்தச் செடி இயற்கையாக வளர்கிறது. காட்டு நிழலும் ஈரக்காற்றும் அதற்கு வேண்டும். பாம்பனின் உப்புக்காற்றில் பிழைக்காது. இப்படிப்பட்ட குன்றுகளைத்தான் சிமென்டுக்காக உலகெங்கும் உடைக்கிறார்கள். ஒரு குன்று போனால், அதில் மட்டும் வாழ்ந்த இனமும் அதோடு போய்விடும். அதனால் ‘சுண்ணாம்புக்கல் குன்றுக் காடு’ என்று முழுதாக எழுதச் சொன்னேன்.