சுண்டெலிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கும் முன்

வெள்ளைச் சுண்டெலி வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார், "நேத்துல இருந்து சாப்பிட மாட்டேங்குது சார்" என்பதுதான். பல்லைப் பார்ப்பேன், மூச்சைக் கவனிப்பேன், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன். சுண்டெலிக்குத் தண்ணீர் நின்றுவிட்டால் தீனியும் நின்றுவிடும்.

30 கிராம் எடையுள்ள சுண்டெலி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மில்லி தண்ணீர் குடிக்கும். ஒரு டீஸ்பூன்தானே என்று தோன்றலாம். அதன் உடம்புக்கு அது எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வருகிறது. மதுரையின் மே மாத வெக்கையில் ஒரு நாள் முழுக்க அது கிடைக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

கத்திரி வெயில் நேரத்தில் திருநகரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் கூண்டோடு வந்தார்கள். எலி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. முடி சிலிர்த்திருந்தது, கண்கள் உள்வாங்கியிருந்தன. பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டேன், உடனே இறங்கவில்லை. "தண்ணி எல்லாம் ஃபுல்லா இருக்கு சார். நேத்துக் காலையில ஊத்துனது, அப்படியே இருக்கு" என்றார் அப்பா. அப்படியே இருந்ததுதான் பிரச்சினை. பாட்டிலைக் கழற்றிக் கவிழ்த்து, குழாய் முனையில் இருக்கும் பால்ரஸ் குண்டை விரலால் அழுத்தினேன். குண்டு அசையவே இல்லை. அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொருக்கு இறுகிப்போயிருந்தது. எலிக்குத் தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன் ஏற்றி, நாக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்தோம். சாயங்காலத்துக்குள் நடமாட ஆரம்பித்தது. எல்லா எலிக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

நம்மூரில் பல தெருக்களில் போர்த் தண்ணீர் உப்புதான். அதை ஊற்றினால் குழாய்க்குள் பொருக்கு கட்டும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே எலிக்கும் கொடுங்கள். பொருக்கு படிந்துவிட்டால் குழாயைக் கழற்றி வெள்ளை வினிகரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, நன்றாக அலசிவிட்டு மாட்டலாம்.

இனி, வாங்கும்போது என்ன பார்ப்பது? கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கவிழ்த்ததும் சில சொட்டுகள் விழும், அப்புறம் நிற்க வேண்டும். நின்ற பிறகு குண்டை விரல் நுனியால் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் விரல் நனைய வேண்டும். நிற்காமல் சொட்டினாலும் வேண்டாம், குண்டு கடகடவென்று ஆடியும் விரல் நனையாவிட்டாலும் வேண்டாம். சத்தம் கேட்டால் தண்ணீர் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே காற்று அடைத்திருந்தாலும் குண்டு ஆடும்.

குழாய் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். பிளாஸ்டிக் முனையைச் சுண்டெலி கடித்துத் துப்பிவிடும். பாட்டில் பிளாஸ்டிக் என்றால் கம்பிக்கு வெளியே தொங்க வேண்டும், குழாய் மட்டும் உள்ளே நீள வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே வைப்பதாக இருந்தால் கண்ணாடி பாட்டில்தான் நல்லது. முயலுக்கு விற்கும், பெரிய பால்ரஸ் குண்டு வைத்த பாட்டிலைச் சில கடைகளில் இதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்காதீர்கள். ஸ்பிரிங் வைத்து, அழுத்தினால் மட்டும் வரும் வகையும் வேண்டாம். குட்டிகளுக்கு அந்த பலம் கிடையாது. மூடிக்குள் இருக்கும் வாஷரையும் ஒருமுறை பாருங்கள். அது விறைத்துப்போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாட்டிலும் ஒழுகும்.

ஒழுகுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாட்டிலை மாற்றி மாற்றி வாங்கியும் ஒழுகுகிறதே என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு பாட்டிலில் இல்லை. கவிழ்த்து வைத்த கேன் தண்ணீர் நிற்பது போலத்தான் இதிலும் தண்ணீர் நிற்கிறது: வெளிக்காற்றின் அழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. பாதி காலியான 200 மில்லி பாட்டிலுக்குள் 100 மில்லி காற்று இருக்கும். காலையில் 30 டிகிரியாக இருக்கும் அறை மத்தியானம் 40 டிகிரி ஆனால், அந்தக் காற்று விரிந்து குறைந்தது 3 மில்லி தண்ணீரையாவது வெளியே தள்ளிவிடும். ஒரு எலி அரை நாளைக்கு மேல் குடிக்கும் தண்ணீர் தரையில் போகிறது. அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி, தினமும் காலையில் கழுத்து வரை நிரப்புங்கள். ஜன்னலோரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, டிவி பெட்டிக்கு மேலே வைக்க வேண்டாம். வெயில் பட்டால் பாசியும் பிடிக்கும்.

இன்னொன்று, கூண்டில் போடும் மரத்தூளோ காகிதத் துண்டோ குழாய் முனையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். பாட்டில் காலி, கூண்டு ஈரம், எலி தாகத்தோடு. ஈரப் படுக்கையில் சுண்டெலியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குட்டிகள் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். முனைக்குக் கீழே இரண்டு விரல் உயரமாவது இடைவெளி விடுங்கள். அதற்காக மிக உயரத்திலும் மாட்டாதீர்கள். பிறந்து இரண்டு, இரண்டரை வாரத்தில் குட்டிகள் தாயின் பாலோடு தண்ணீரையும் தேட ஆரம்பிக்கும். எட்ட வேண்டும்.

கிண்ணத்தில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். கனமான, தட்டையான பீங்கான் கிண்ணம் கூடுதலாக இருப்பதில் தப்பில்லை. அதில் தூளை வாரிப் போட்டுவிடும், தினமும் சில தடவை மாற்ற வேண்டும். ஆழமான கிண்ணம் குட்டிகளுக்கு ஆபத்து.

என் யோசனை, ஒரு கூண்டுக்கு இரண்டு பாட்டில். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய சொந்தபந்தம் வரும்போதோ, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதோ இது மிகவும் உதவும். ஊருக்குப் போனாலும் பக்கத்து வீட்டில் யாரையாவது தினமும் ஒருமுறை வந்து குண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலில் மார்க்கரால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தால் அவர்களுக்கும் சுலபம். கோடு இறங்கவே இல்லை என்றாலும் தப்பு, ஒரே நாளில் பாதி இறங்கினாலும் தப்பு.

வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாகத் தண்ணீரில் கலக்காதீர்கள். ருசி மாறினால் குடிப்பதையே குறைத்துவிடும்.

தண்ணீர் வராமல் இருந்தது தெரிந்தால் முதலில் பாட்டிலைச் சரிசெய்து வையுங்கள், கூடவே வெள்ளரித் துண்டு ஒன்று. ஊசிக் குழலால் வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். தானாகக் குடித்தால் நல்லது. குடிக்காமல் கூனியே உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பாட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டு.