பிறை குத்தும் முன் ஒரு நிமிடம்

போன வாரம் ஒரு பெண் தன் அப்பத்தாவோடு என் டாட்டூ கடைக்கு வந்தார். இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சின்னப் பிறை, வேறு ஊரில் குத்தியது. அவர் மகள் பிறந்தது வளர்பிறை சதுர்த்தியில். அதன் நினைவாகக் குத்திக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய், எதிரே உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் ஆசையாகக் கையை நீட்டியிருக்கிறார். "பிள்ளை நெனப்புல போயி தேய்பிறையக் குத்திட்டு வந்திருக்கியேடி" என்று அவர் கண்கலங்கிவிட்டாராம். "அண்ணா, இதைத் திருப்பி வைக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார் அந்தப் பெண்.

முடியாது. இந்த வருடத்தில் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

"பிறைன்னா பிறைதானே, எப்படிப் போட்டா என்ன?" டாட்டூ போட வருகிறவர்களும் சொல்கிறார்கள், போடுகிறவர்களும் சொல்கிறார்கள். தவறு. பூமியின் வடபாதியில் இருக்கும் நமக்கு, வலப்பக்கம் புடைத்திருந்தால் வளர்பிறை, இடப்பக்கம் புடைத்திருந்தால் தேய்பிறை. ஆஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் இது அப்படியே மாறும். இணையத்தில் எடுத்த படம் எந்த நாட்டுக்காரர் வரைந்ததோ, யாருக்குத் தெரியும்? என்னிடம் 'வளர்ச்சிக்கு அடையாளம்' என்று கொண்டுவரும் படங்களில் பாதிக்கு மேல் தேய்பிறைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிறையைத் தலைகீழாகத் திருப்பினால் வளர்பிறை தேய்பிறையாகிவிடும். ஒரு காகிதத்தில் வரைந்து சுற்றிப் பாருங்கள், புரியும். மணிக்கட்டில் உங்கள் கண்ணுக்கு நேராகக் குத்தினால், எதிரே இருப்பவருக்கு அது தலைகீழ். அந்தப் பெண் பார்த்ததும் சரி, அப்பத்தா பார்த்ததும் சரி. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிறர் பார்வைக்கு நேராக இருக்கும்படி வைப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். உங்களுக்கு நேராக வேண்டுமென்றால் தாராளமாக வைக்கலாம், ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். செல்ஃபி கேமராவை நம்பி முடிவெடுக்காதீர்கள், அதுவும் இடவலம் மாற்றிக் காட்டும்.

நம் ஊர் வானத்தில் இன்னொரு அழகும் உண்டு. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று, சூரியன் மறைந்ததும் மேற்கே பாருங்கள். வெளிநாட்டுப் படங்களில் போலப் பிறை நிமிர்ந்து நிற்காது. சில மாதங்களில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மாசி, பங்குனியில் கொம்புகள் மேலே பார்க்க, தோணி போல மல்லாந்து கிடக்கும். அந்தத் தோணிப் பிறையைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பொருள் என்று கேட்டால், ஈசன் சடையில் இருக்கும் பிறையிலிருந்து தொடங்குவேன். தட்சனின் 27 பெண்களை மணந்த சந்திரன், ரோகிணியிடம் மட்டும் அன்பு வைத்ததால் மாமனாரின் சாபத்தில் தேய்ந்துகொண்டே போனான். முற்றிலும் மறைவதற்குள் சிவன் அவனை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். காப்பாற்றப்பட்ட கடைசிக் கீற்று அது. பெரிய நோயிலிருந்து மீண்டவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

பிறை ஒரு மதத்துக்கு மட்டும் உரியது என்று தயங்குகிறவர்களும் உண்டு. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், 'ஊர்' (Ur) என்ற பெயருடைய பழைய நகரத்தில் நன்னா என்ற நிலாத் தெய்வத்துக்கு அதுதான் சின்னம்; இஸ்லாம் தோன்றுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது.

தேய்பிறை கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. அப்பாவின் திதி தேய்பிறை துவாதசி என்று, விடியலில் கிழக்கே தெரியும் அந்த மெல்லிய கீற்றையே கேட்டுக் குத்திக்கொண்டார் ஒருவர். இடப்பக்கம் புடைத்த பிறை. என்ன கேட்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நகத்தை விடச் சின்னதாகப் பிறை கேட்காதீர்கள். கொம்பு முனையில் இரண்டு கோடுகள் நெருங்குகின்றன. சில வருடங்களில் மை விரிந்து ஒட்டிப்போய் வாழைப்பழம் மாதிரி ஆகிவிடும். துணை ராணுவப் படைகளில் சேரும் எண்ணமிருந்தால் வலது முன்கையைத் தொடவே வேண்டாம். அது சல்யூட் வைக்கும் கை. இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கையில், அந்தப் பகுதியின் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் அனுமதி. குத்திய பிறகு 12 மாதங்களுக்கு ரத்ததானம் செய்யக் கூடாது. அழிக்கும் க்ரீம் என்று எதையும் வாங்கித் தடவி, தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வராதீர்கள். லேசர்தான் வழி, அதற்குத் தோல் மருத்துவரிடம் பல தடவை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் போக வேண்டும். நம் நிறத்துக்குத் தழும்பும் திட்டும் விழ வாய்ப்பு அதிகம்.

அந்தப் பெண்ணுக்குப் பிறையின் உள்வளைவை நிறைத்து முழுநிலாவாக்கித் தருவதாகச் சொன்னேன். அது எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலாதான். யோசித்துவிட்டு வருகிறேன் என்றார்.

தயவுசெய்து, ஸ்டென்சில், அதாவது குத்தும் முன் தோலில் பதிக்கும் மாதிரிப் படம், ஒட்டியதும் எழுந்து நில்லுங்கள். கையைத் தொங்கவிட்டு, எதிரே இருப்பவரிடம், "இது வளர்பிறையா, தேய்பிறையா?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் தவறு என்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.