புளியமரத்தில் இடி: மாடு ஏன் சாகிறது, பக்கத்தில் நின்றவன் எப்படிப் பிழைக்கிறான்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சித்திரை மாதம், சாயங்கால நேரம். கொல்லைப் புளியமரத்தில் இடி விழுந்தது. மரத்தடியில் கட்டியிருந்த கறவை மாடு அந்த இடத்திலேயே செத்துப்போனது. அதை அவிழ்க்க ஓடிய கொழுந்தனார் மகன் பக்கத்தில்தான் நின்றான். கீழே விழுந்தான், இரண்டு காலும் மரத்துப்போனது, கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துவிட்டான். வீட்டுக்கு வந்த கண்டத்தை மாடு வாங்கிக்கொண்டது என்கிறார் மாமியார். உண்மையில் என்னதான் நடந்தது?"

மாமியார் சொல்வது பாதி சரி. மாடு வாங்கித்தான் இருக்கிறது. பையன் வாங்கியதைப்போல் இரண்டரை மடங்கு வோல்ட் வாங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் அதன் கால்கள்.

மேகம் எப்படி மின்னேற்றம் பெறுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், பள்ளியில் படித்ததுதான். கத்திரி வெயிலில் திருச்சிப் பக்கமிருந்து வரும் காய்ந்த மேல்காற்று டெல்டாவை வறுத்தெடுக்கிறது. மதியத்துக்கு மேல் நாகை, வேதாரண்யம் கரையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. நாலு மணிக்கு மேற்கே கருக்கும் மேகத்தின் உச்சி பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரை போகும். ஐந்து கிலோமீட்டருக்கு மேலே எல்லாம் உறைநிலைக்குக் கீழ்தான். கீழே நாம் விசிறிக்கொண்டிருக்கும்போது மேலே பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசலில் இலேசான பனித்துகள் நேர்மின்னேற்றத்தோடு மேலே போகிறது, கனத்த ஆலங்கட்டிக் குருணை எதிர்மின்னேற்றத்தோடு கீழே தங்குகிறது. மேகத்தின் அடிவயிறு தாங்க முடியாத அளவுக்கு ஏறியதும், ஏறக்குறைய ஐம்பது ஐம்பது மீட்டராகத் தாவி ஒரு பாதை இறங்குகிறது. தரையில் உயர்ந்து நிற்கும் தென்னை, பனை, புளியமரம், கோபுரம் எதிலிருந்தாவது மேல்நோக்கி ஒரு பொறி எழுந்து அதோடு சேர்ந்ததும் சுற்று முடிந்துவிடும். சாதாரணமாக 30,000 ஆம்பியர். உங்கள் வீட்டு மிக்சி எடுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர்தான்.

பெரும்பாலான விளக்கங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. மின்னல் மரத்தில் விழுந்தது, தரையில் "இறங்கிவிட்டது", அவ்வளவுதான் என்று. தரையில் இறங்கிய அந்த 30,000 ஆம்பியர் அதற்கப்புறம் எங்கே போகிறது? மாட்டைக் கொன்றது அதுதான். இடியால் சாகிறவர்களில் நேரடியாகத் தலையில் விழுந்து சாகிறவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்பது இதை ஆராய்ந்த மருத்துவர்களின் மதிப்பீடு. ஏறக்குறைய பாதிப்பேரைத் தாக்குவது தரை வழியாக வரும் மின்னோட்டம்.

மண் செம்புக் கம்பி மாதிரி அல்ல, அதற்கு மின்தடை உண்டு. மரத்தின் அடியில் இறங்கும் மின்னோட்டம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. அடிமரத்தையொட்டிக் குறுகலான மண் வழியே மொத்த மின்னோட்டமும் போயாக வேண்டும் என்பதால் அங்கே மின்னழுத்தம் மிக அதிகம். தள்ளிப் போகப் போகப் பரவ இடம் கிடைக்கிறது, அழுத்தம் குறைகிறது. கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தால் அது ஒரு பாம்புப் புற்று வடிவம்: நடுவில் செங்குத்து, விளிம்பில் தரையோடு தரையாகச் சரிவு. இந்தப் புற்றின் மேல்தான் மாடும் நிற்கிறது, பையனும் நிற்கிறான். உடலுக்குள் மின்சாரத்தைத் தள்ளுவது அவர்கள் நிற்கும் உயரம் அல்ல. ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் உள்ள உயர வித்தியாசம். இதை ஸ்டெப் வோல்டேஜ் என்பார்கள் மின் பொறியாளர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். ஈரம் காக்கும் வண்டல் களிமண்ணுக்கு மின்தடைமை (மண் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மின்னோட்டம் 30,000 ஆம்பியர். அடிமரத்திலிருந்து 5 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் கால் அகட்டி மரத்தைப் பார்த்து ஒரு காலை முன்வைத்து நிற்கும் ஆளின் இரு பாதங்களுக்கு நடுவே வருவது சுமார் 8,700 வோல்ட். அதே இடத்தில் முன்காலுக்கும் பின்காலுக்கும் 1.5 மீட்டர் இடைவெளி உள்ள மாட்டுக்கு 22,000 வோல்ட். மரத்திலிருந்து 10 மீட்டர் தூரத்தில் ஆளுக்கு 2,270, மாட்டுக்கு 6,200. 30 மீட்டர் தூரத்தில் 260, 760. தூரம் மூன்று மடங்கானால் ஆபத்து மூன்றில் ஒன்றாவதில்லை. ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. வல்லம் பக்கத்துக் காய்ந்த சரளை மண் மாதிரி மின்தடை கூடிய இடத்தில் இந்த எண்கள் எல்லாமே பல மடங்கு ஏறும்.

வோல்ட் மட்டும் கதையை முடித்துவிடவில்லை, பாதையும் முக்கியம். மனிதனில் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி, இடுப்பைச் சுற்றி, மறுகால் வழியாக இறங்கிவிடும். இதயம் அதன் வழியில் இல்லை. அந்தப் பையனின் கால் மரத்துப்போனதற்கும் இதுதான் காரணம். மின்னல் அடிபட்டவர்களுக்கு இப்படி வரும் தற்காலிகச் செயலிழப்பு பெரும்பாலும் கால்களில்தான் வருகிறது, சில மணி நேரத்தில் விலகிவிடும். மாட்டுக்கோ முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்க வேண்டும். நடுவில் இருப்பது நெஞ்சுக்கூடு. இதயமும் நுரையீரலும் நேராக அந்த வழியில்.

இதில் இன்னொரு நுட்பம். மாடு மரத்துக்கு முகத்தையோ முதுகையோ காட்டி நின்றால்தான் முழு வித்தியாசமும் கிடைக்கும். பக்கவாட்டில் நின்றால் நான்கு கால்களும் மரத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம், அதாவது புற்றில் ஒரே உயரம். அப்போது கிடைப்பது இடக்காலுக்கும் வலக்காலுக்கும் உள்ள சிறு இடைவெளியின் வோல்ட் மட்டும். ஒரே மரத்தடியில் கட்டிய இரண்டு மாட்டில் ஒன்று செத்து ஒன்று பிழைத்தால், "அதற்கு ஆயுசு கெட்டி" என்று சொல்வதற்கு முன் எது எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று கேட்டுப் பாருங்கள். கயிற்றில் கட்டிய மாடு மிரண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தே நிற்கும் என்பதுதான் கொடுமை.

கோடையில் அறுவடை முடிந்த தாளடி வயல்களில் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள்) கிடை போடுவார்கள். நனைந்த ஆடுகள் இடிக்குப் பயந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரே அடியில் பல ஆடுகள் சாய்வதற்கு இந்த நெருக்கம் போதும். 2016 ஆகஸ்டில் நார்வே நாட்டின் மலைச்சமவெளி ஒன்றில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்ததும் இப்படித்தான். அத்தனை மான்களின் தலையிலும் மின்னல் விழவில்லை, அவை நின்ற மண் வழியாக ஓடியது.

கோபுரக் கலசம் ஊரையே இடியிலிருந்து காக்கிறது, உள்ளே வைக்கும் தானியம்தான் அதன் ரகசியம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோபுரம் உயரம் என்பதால் மின்னலை வாங்கும், அது உண்மை. ஆனால் கலசத்திலிருந்து மண் வரைக்கும் தொடர்ந்து கனத்த உலோகப் பாதை இல்லையென்றால் அது இடிதாங்கி ஆகாது. மின்னல் செங்கல், சுதை, கல் வழியாக இறங்கும்போது உள்ளிருக்கும் ஈரம் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆவியாகி வெடிக்கும். இடிவிழுந்த தென்னையின் பட்டை பிளப்பதும் இதே காரணத்தால்தான். வரகுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. கோபுரம் தரும் பாதுகாப்பும் ஏறத்தாழ அதன் உயர அளவு தூரத்துக்குள்தான். நாலு தெரு தள்ளியிருக்கும் மாட்டுக் கொட்டகைக்கு அது எட்டாது. "அர்ச்சுனா அர்ச்சுனா" சொல்வதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், வீட்டுக்குள் நின்று சொன்னால். மின்னல் தெரிந்ததும் ஆரம்பித்து, நொடிக்கு ஒன்றாக நிதானமாகச் சொல்லுங்கள். மூன்று அர்ச்சுனனுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்த மின்னல் உங்கள் கொல்லையிலும் விழலாம்.

ஆபத்தான நேரம் மழை கொட்டும்போது என்று நினைக்கிறோம். டெல்டா வீடுகளில் அதற்கு முந்திய கால்மணி நேரம்தான் மோசம். குளிர்காற்று புழுதியோடு அடித்ததும் எல்லாரும் வெளியே ஓடுவார்கள்: களத்தில் காயும் உளுந்துக்குத் தார்ப்பாய் போட, மொட்டை மாடியில் வடகம் அள்ள, கொடியில் துணி எடுக்க, மாட்டைப் பிடித்துக் கட்ட. அந்தக் காற்றே மேகத்திலிருந்து இறங்கி வருவதுதான். அது உங்களைத் தொடுகிறது என்றால் மின்னலும் தொடும் தூரத்தில் இருக்கிறது. மேற்கே கருத்ததுமே, முதல் இடி கேட்கும் முன்பே, இந்த வேலைகளை முடித்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே மறுபடி வயலுக்குப் போகலாம். முருங்கைமரத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் நடுவே ஜி.ஐ. கம்பிக் கொடி கட்டியிருந்தால் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மரத்தில் விழுந்ததை வாசல் வரை கூட்டிவருவது அந்தக் கம்பிதான். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது, வானம் தெளிவாக இருக்கும்போதே ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட வேண்டும். இடி ஆரம்பித்தபின் அதைத் தொடவே கூடாது, போர் தண்ணீரில் குளிக்கவும் கூடாது.

வயல் நடுவே மாட்டிக்கொண்டால் படுக்காதீர்கள். படுத்தால் தலைக்கும் காலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்கு மேல், நாமே மாடாகிவிடுகிறோம். மரத்தை விட்டு விலகி, இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நடந்தாலும் நின்றாலும் வோல்ட் குறையும். பத்து மீட்டர் தூரத்தில், பாதங்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் என்றால் 2,270 வோல்ட் 470 ஆகிவிடும். இது கதி இல்லாதவனுக்கான வழி. சுவரும் கூரையும் உள்ள கெட்டிக் கட்டடமோ, கண்ணாடி ஏற்றிய காரோ கிட்டே இருந்தால் அங்கே போவதுதான் சரி. புயல்காற்றில் அறுந்து ஈரத்தரையில் கிடக்கும் மின்கம்பியைச் சுற்றியும் இதே புற்றுதான் எழும்பியிருக்கும். மேய்ச்சல் மாடு கம்பியைத் தொடாமலே சாய்வதும் அதனால்தான்.

மாட்டைக் காப்பதற்கு முதல் வழி செலவில்லாதது: உயர்ந்த மரத்தடியில் கட்டாதீர்கள், இரும்புச் சங்கிலி வேண்டாம், முளை மரத்தால் இருக்கட்டும். இரண்டாவது வழிக்குச் செலவு உண்டு, ஆனால் அதில்தான் இந்த அறிவியல் முழுக்கப் பயன்படுகிறது. புதிதாகச் சிமென்ட் தளம் போடும்போது 8 மி.மீ. கம்பியை ஓரடிச் சதுரங்களாகப் பின்னிப் பற்றவைத்து உள்ளே பதியுங்கள். கொட்டகையின் இரும்புத் தூண்கள், தண்ணீர்க் குழாய், மாடு கட்டும் குறுக்குக் குழாய் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள். சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்தில் 25×6 மி.மீ. ஜி.ஐ. பட்டையை வளையமாகப் புதைத்து அதையும் சேருங்கள். இதனால் மின்னழுத்தம் போய்விடுவதில்லை. தளம் முழுக்க ஒரே அளவாகிவிடுகிறது. புற்றின் உச்சியைத் தட்டி மேடையாக்கியதுபோல. மாட்டின் நான்கு காலும் ஒரே உயரத்தில் நின்றால் உள்ளே ஓட எதுவும் இல்லை. கொத்தனார் தவறவிடும் இடம் வாசல்: தளம் முடிந்து மண் ஆரம்பிக்கும் விளிம்பில் வித்தியாசம் அத்தனையும் ஓரடிக்குள் குவியும். அங்கே கம்பிப் பின்னலை வெட்டி நிறுத்தாமல், சாய்வாக மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022ல் மட்டும் நாட்டில் 2,887 பேர் மின்னலால் இறந்திருக்கிறார்கள். மாடுகள் அந்தக் கணக்கில் இல்லை. புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னலைக் கண்டறியும் கருவிகளை நிறுவி, 'தாமினி' என்ற செயலியில் எச்சரிக்கையும் தருகிறது, நல்ல வேலை. ஆனால் மின்னல் எங்கே விழும் என்று சொல்வதற்குச் செலவழிப்பதில் சிறு பங்கையாவது, நான்கு மாடு கட்டும் கீற்றுக் கொட்டகைக்கு மலிவாக எர்த் போடுவது எப்படி என்று வயலில் சோதித்துப் பார்க்கவும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. எச்சரிக்கை வந்தபின் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பதுதானே குடியானவனின் கேள்வி?

யாராவது விழுந்துவிட்டால் தொடப் பயப்படாதீர்கள், அடிபட்ட உடம்பில் மின்சாரம் தங்காது. பலர் விழுந்து கிடந்தால் முனகுகிறவரை விட்டுவிட்டுப் பேச்சுமூச்சில்லாதவரிடம் முதலில் போங்கள். மின்னலில் நின்ற இதயம் பலமுறை தானே துடிக்க ஆரம்பிக்கும், மூச்சு மட்டும் திரும்பாமல் போகும். 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி 30 அழுத்தம், 2 முறை வாய்வழி மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மாடு செத்திருந்தால், புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். நிவாரணம் கேட்க அவர்கள் சான்று வேண்டும்.

எர்த் குழி ஏற்கெனவே போட்டவர்களுக்கு ஒன்று. பங்குனி, சித்திரை வெயிலில் குழியைச் சுற்றிய மண் காய்ந்து மின்தடை ஏறியிருக்கும், கோடை இடி வருவதும் அதே மாதங்களில்தான். வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீரை எர்த் குழாய்க்குள்ளேயே ஊற்றுங்கள். மேலே போல்ட் பச்சைப் பிடித்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள்.