வராத ஏழு குழந்தைகள்

வார்டில் பணியாற்றும் செவிலியருக்கு நோயாளி கண்முன்னே படுத்திருக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியருக்கு அப்படியில்லை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேரும் அவர் பொறுப்பு. பெரும்பாலோர் நலமாக, அவரவர் வேலையில் இருப்பவர்கள். அதனால்தான் பொதுச் சுகாதாரம் படிக்க வரும் செவிலிய மாணவிகளுக்கு நான் முதலில் ஒரு பின்னத்தை எழுதிக் காட்டுகிறேன். மேலே தொகுதி, கீழே பகுதி.

தொகுதி எளிது. புதன்கிழமை தடுப்பூசி போட வந்த குழந்தைகளை எண்ணினால் போதும். எத்தனை பேரில் இத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது பகுதி. அது தெரிய வீடு வீடாகப் போக வேண்டும். சிசு மரணத்தை உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கும், பேறுகால மரணத்தை 1 லட்சம் குழந்தைகளுக்கும் என்று கணக்கிடுகிறோம். பிறப்புகளை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டுமே பொய்யாகும்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். ஊரில் மணல்வாரி என்பார்கள். நோயாளி போன பிறகும் அந்த அறையின் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். இதை முடக்க ஊரில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். அப்போதுதான் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்கும். இதை மந்தை எதிர்ப்பாற்றல் என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை; ஊர்க்காப்பு என்றே வகுப்பில் சொல்வேன்.

5,000 பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு 70 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். 63 பேருக்கு 9 மாதத்தில் முதல் ஊசி போட்டாயிற்று. 90 சதவீதம், பதிவேட்டில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வயதில் போடும் ஊசி 100 பேரில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும். ஆகவே உண்மையில் காக்கப்பட்டவர்கள் 54 பேர். வராத 7 பேர், வந்தும் பலன் கிடைக்காத 9 பேர், ஆக 16 பேர் மீதி. இதோடு நின்றுவிட்டால் ஐந்தே ஆண்டுகளில் 80 குழந்தைகள் சேர்ந்துவிடுவார்கள். ஓராண்டில் பிறக்கும் அத்தனை பேரையும்விட அதிகம். வெகுநாள் அமைதியாக இருந்த ஊரில் திடீரென்று அம்மை பரவுவது இப்படித்தான். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை, முதல் ஊசியில் பலன் கிடைக்காதவர்களுக்கான மறுவாய்ப்பு. அதையும் போட்டால் பலன் சுமார் 97 சதவீதமாகும்.

வராத அந்த 7 பேர் ஊர் முழுக்கச் சிதறி இருந்தால் ஆபத்து குறைவு. அப்படி இருப்பதில்லை என்பதே என் கவலை. அவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே சூளையில் சேர்ந்திருப்பார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை ஒடிய மொழியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஊர்ப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் ஏறாவிட்டால் அவர்கள் வராதவர்கள் பட்டியலில்கூட வர மாட்டார்கள்.

அட்டை இல்லை என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு நோய்க்கும் சேர்த்துப் போடும் இந்த ஊசி விட்டுப்போயிருந்தால் 5 வயது வரை போடலாம். மருந்தைக் கலக்கினால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும் என்பதால் ஒரே குழந்தைக்காகப் பல பேருக்கான குப்பியைத் திறக்கக் கை தயங்கும். தயங்காமல் திறக்க வேண்டும்.

சூளையில் ஊசி போடாத 8 குழந்தைகளைப் புதிதாகக் கண்டு ஒரு செவிலியர் பெயர் எழுதினால், 70 என்ற பகுதி 78 ஆகும். 90 சதவீதம் 81 ஆக இறங்கும். மாதாந்திரக் கூட்டத்தில் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். அந்த 8 பெயர்களையும் அவர் வாசித்துக் காட்டட்டும்.