‘சொ’ என்று தட்டினால் என்ன நடக்கிறது?

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இத்தனை மொழிப் புத்தகங்களை ஒரே பட்டியலில் வைத்து, வீட்டிலிருந்தே தேட வழிசெய்தால், தேடல் பெட்டிக்குப் பின்னால் என்னென்ன நடக்க வேண்டும்? மெனுவையும் பட்டன்களையும் தமிழாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுலபமான பகுதி.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் சொ. விருத்தாசலம். அந்தச் ‘சொ’வில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்து, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் கணினி ஒப்பிடுவது எழுத்தின் உருவத்தை அல்ல, அதற்குரிய எண்களை. பட்டியலில் ஒரு விதமாகவும் நாம் தட்டியது வேறு விதமாகவும் இருந்தால், ‘முடிவுகள் இல்லை’ என்று வந்துவிடும். இதற்கு மருந்து உண்டு. ஒப்பிடும் முன்பே பட்டியலையும் கேள்வியையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான விதியை யூனிகோடே வகுத்திருக்கிறது.

அந்த விதி எட்டாத இடங்களும் இருக்கின்றன. ‘கௌரி’யை எழுத, ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ‘ள’ தட்டுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். ‘ஸ்ரீ’ இன்னும் சிக்கல். ‘ஸ’வில் தொடங்கியும் அதை எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். ஸ்ரீரங்கம், ஸ்ரீநிவாசன் என்று பெயர்கள் குவிந்து கிடக்கும் ஒரு பட்டியலில் இது சின்ன விஷயமில்லை. இப்படிப்பட்ட ஜோடிகளைத் தளத்தை உருவாக்குபவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தமிழ் தட்டிப் பழகிய ஒருவர் கூட இருந்தால்தான் அது நடக்கும்.

அப்புறம் ஒற்றும் இடைவெளியும். புதுமைப்பித்தன், புதுமைப் பித்தன், புதுமை பித்தன் என்று மூன்று விதமாகவும் தேடுவார்கள். நல்ல தேடுபொறி சொல்லை இரண்டு மூன்று எழுத்துத் துண்டுகளாக உடைத்தும் ஒப்பிடும். பெரும்பாலான துண்டுகள் பொருந்தினாலே புத்தகத்தைக் காட்டிவிடும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவதும் ஒரு சிக்கல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விதி தமிழ் எழுத்தைத்தான் பார்க்கும், உச்சரிப்பைப் பார்க்காது. நமக்கு இருப்பது ஒரே ‘க’ என்பதால், தமிழ்த் தலைப்பில் வரும் காந்தி அங்கே ‘கே’யில் தொடங்குவார். ‘ஜி’ போட்டுத் தேடினால் அந்தப் புத்தகம் தப்பிப்போகலாம்.

ஆனால் விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன் என்பதை எந்த எழுத்துக் கணக்கும் கண்டுபிடிக்காது. தெரிந்த ஒருவர் பதிந்து வைத்திருக்க வேண்டும். நூலகர்கள் இதற்காக ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பதிவு வைத்து, அவருடைய எல்லாப் பெயர்களையும் அதில் சேர்ப்பார்கள். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் இத்தகைய பதிவுகளை ‘வயாஃப்’ என்ற உலகளாவிய கோப்பு ஒன்றோடொன்று இணைக்கிறது. தமிழிலோ புனைபெயர்களுக்குக் குறைவே இல்லை; இனிஷியல்கூட ஒரு பதிப்பில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இந்தப் பதிவுகளை உருவாக்க நம் நூலகர்களுக்கு நேரமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும். முகப்புப் பக்கத்தை அழகாக்கும் செலவெல்லாம் அதற்குப் பிறகுதான்.